போகத் தெரியாத பொடி

கரிசல் காட்டு ஊர் ஒன்றில், கம்பு அறுத்து, அடித்து, தூற்றி, களமெல்லாம் காலியான பிறகு, ஒரு சாக்குக்குத் தலைக்கனம் ஏறியது.

ஏறாதா பின்னே? ஊரில் எத்தனையோ சாக்குகள். எல்லாம் சந்தைக்குப் போயின, கமிஷன் கடைக்குப் போயின, கோழித் தீவன ஆலைக்குப் போயின. இந்தச் சாக்கு மட்டும் கப்பலேறப் போகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டில், பல் முளைக்காத குழந்தைகளுக்குக் கூழ்மாவு செய்கிற கம்பெனி ஒன்று இந்த ஊர்க் கம்பைக் கேட்டிருந்தது. முதலில் மாதிரிக்கு ஒரே ஒரு மூட்டை. அது தேறிவிட்டால் அடுத்த வெள்ளாமையிலிருந்து ஊர்க் கம்பு மொத்தமும் லாரி லாரியாகக் கப்பலுக்குப் போகும். தேறாவிட்டால் வழக்கம்போலக் கோழிக்குத்தான்.

அந்த ஒரு மூட்டை, வேலுத்தாய் வீட்டு மூட்டை. ஊரிலேயே திரட்சியான மணி அவள் காட்டில்தான் விளைந்திருந்தது.

அனுப்புகிற அன்று காலை, மூட்டையின் வாயைத் தைக்க மனம் வராமல் வேலுத்தாய் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கையை உள்ளே விட்டு மணிகளை அளைந்தாள்.

"கடல் தாண்டிப் போற பிள்ளைங்க நீங்க. நடுவழியில வண்டு விழுந்து, அங்க போயித் திறந்து பாக்கும்போது சல்லடைக் கண்ணா இருந்தா, நம்ம ஊரு மானம் என்னத்துக்கு ஆகும்?" என்று கம்பிடமே கேட்டாள்.

வீட்டுக் கூழுக்கு வைத்திருந்த கம்பில் அவள் என்றைக்கும் பொடி போட்டதில்லை. வெயிலில் காயப்போடுவாள், பானையில் கொட்டி மூடுவாள், வண்டு வருவதற்குள் தின்று தீர்ந்துவிடும். வண்டுப்பொடி என்பது வெளியே போகிற சரக்குக்குச் செய்கிற மரியாதை. அந்த ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் பழக்கம். வெளியூர் போகிற பிள்ளைக்குத் திருநீறு பூசி அனுப்புகிற மாதிரி, வேலுத்தாய் கம்பின் மேல் பொடியைத் தூவினாள். கடல் தாண்டுகிறதே என்று கூட ஒரு கை அள்ளித் தூவிக் கிளறிவிட்டாள். பிறகு வாயைத் தைத்தாள்.

உள்ளே இருட்டு. மணிகளுக்கு நடுவில் யாரோ புதுசாக நிற்கிறார்கள் என்று கம்புக்குத் தெரிந்தது.

"யாருப்பா நீ?"

"காவலுக்கு வந்திருக்கேன். நீங்க தூங்குங்க, நான் முழிச்சிருக்கேன்," என்றது பொடி.

"எங்களுக்கு எதுக்குக் காவல்? நான் இருக்கேன்ல சுத்திலும்?" என்று முறைத்தது சாக்கு.

"உன் மேல இருக்கிற ஓட்டை வழியா ஒரு வண்டுக் குடும்பமே வந்து போகலாம்," என்றது பொடி, பணிவாகத்தான்.

பொடி சொன்னது சரியாகவே போயிற்று. மூட்டை ஏறிய லாரியின் மூலையில் கிடந்த பழைய தவிட்டிலிருந்து ஒரு வண்டு மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. சாக்கின் கண்ணுக்குள் தலையை நீட்டி, "விருந்தாளிக்கு ஒரு மணி கிடைக்குமா?" என்று கேட்டது. பொடி எழுந்து நின்றது. அவ்வளவுதான். வண்டு வந்த வழியே உருண்டு விழுந்தது.

கம்பு நெகிழ்ந்துபோயிற்று. "எங்க கூடவே இரு," என்றது.

"நான் எங்கே போகப் போறேன்?" என்றது பொடி. ஒவ்வொரு மணியின் தோளையும் இறுகப் பற்றிக்கொண்டது.

துறைமுகத்து ஊரில், ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்து வாசலில் மூட்டை இறங்கியது. கொண்டுவந்தவர் அய்யாத்துரை. தெருத் தெருவாகச் சைக்கிளில் புளி விற்று ஆளானவர். இன்றைக்குச் சுற்றுவட்டாரத் தானியமெல்லாம் அவர் கை பட்டுத்தான் வெளியே போகும். பேரத்தில் அவரை மடக்கிய ஆள் கிடையாது. கோபம் வந்தால் எதிரே நிற்கிற ஆளும் கிடையாது.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிற ஜெசிந்தா ஒரு குத்தூசியை எடுத்துக்கொண்டு வந்தாள். கூர்முனையும் நடுவில் பள்ளமும் உள்ள இரும்புக் குழாய். மூட்டையைப் பிரிக்காமலே வயிற்றுக்குள் விட்டுத் தானியத்தை அள்ளிவிடும்.

"வலிக்குமா?" என்று கேட்டது சாக்கு.

"தலைக்கனம் இருந்தா கொஞ்சம் வலிக்கும்," என்றது குத்தூசி. சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டது. வெளியே வரும்போது அதன் பள்ளம் நிறையக் கம்பு. முகர்ந்து பார்த்துவிட்டு, "ஓகோ, காவல்காரனோடதான் வந்திருக்கியா?" என்றது.

"ஆமா, பெரிய இடம்னா காவல் இருக்கும்," என்றது சாக்கு.

குத்தூசி சாக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்பைத் தட்டில் கொட்டியது. அந்தப் பார்வை சாக்குக்கு என்னவோ போலிருந்தது.

கம்பை அரைத்தார்கள். ஏதோ திரவத்தில் கரைத்தார்கள். ஒரு எந்திரத்துக்குள் விட்டார்கள். எந்திரத்தின் திரையில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு படுத்திருந்தது. தலைமுடியை இழுத்துவைத்த மாதிரி. அதற்குக் கீழே நின்றால் கப்பல். மேலே போனால் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

திரையில் பொடி எழுந்தது. முதலில் சின்ன மேடு. பிறகு குன்று. பிறகு கோட்டைத் தாண்டி நெட்டுக்குத்தாக ஒரு மலை.

மூலையில் சாய்ந்திருந்த சாக்கு இதைப் பார்த்தது. அதற்குச் சுள்ளென்று ஏறியது.

"ஏய் கோடு! எழுந்திரு. பேசித் தீர்த்துக்கலாம்," என்றது.

"பேசு," என்றது கோடு. எழுந்திருக்கவில்லை.

"நான் பாக்காத சந்தை இல்லை, பாக்காத பேரம் இல்லை. நீ ஒரு விரக்கடை ஏறிக்கோ. அடுத்த தடவை நான் ஒரு விரக்கடை இறங்கிக்கிறேன். ரெண்டு பேருக்கும் நட்டமில்லை."

"முடியாது."

"அரை விரக்கடை."

"முடியாது."

"ஒரு மயிரிழை! அதுகூடவா உன்னால நகர முடியாது? உன்னை யாரு கிழிச்சுப் போட்டது இங்க? வெயில்ல நிக்காத கை, காட்டுல குனியாத கை! கம்பு விளையறது எப்படின்னு தெரியுமா உனக்கு? அந்தப் பொம்பளை மழைக்கு ஏங்கி, களை பறிச்சு, குருவி ஓட்டி, கடைசியில கண்ணு கலங்கி ஒரு கை பொடி தூவினா. அது பாசம். பாசத்தைப் போயி அதிகம்ங்கிறியே, உனக்கு நாக்கு கூசல?"

"என்னை யாரு போட்டதுன்னு கேட்டியே, சொல்றேன்," என்றது கோடு. "ஒரு குழந்தை. இன்னும் உட்காரத் தெரியாது. அம்மா மடியில சாய்ச்சு வச்சுத்தான் கூழ் ஊட்டணும். அதோட வயிறு, மூடின கை அளவுக்கு இருக்கும். அந்த வயித்துக்குள்ள தினமும் எவ்வளவு பொடி வரைக்கும் போனா அது நோகாம வளரும்னு கணக்குப் பாத்தாங்க. அந்த அளவுதான் நான். நான் ஒரு மயிரிழை நகர்ந்தா, அது அந்த வயித்துக்குள்ளதான் நகரும்."

சாக்கு திரையில் நின்ற மலையை இன்னொரு தடவை பார்த்தது.

"அவ பாசத்தை நான் குறை சொல்லல. அதை அளக்க என்கிட்ட கருவியும் இல்லை," என்றது கோடு. "மணி மேல மிச்சம் இருக்கிறதை மட்டும்தான் அளந்தேன்."

"அந்தக் குழந்தை கடலுக்கு அந்தாண்ட இருக்கு. எனக்கென்ன ஒட்டா உறவா?" என்றது சாக்கு. ஆனால் குரலில் முன்னே இருந்த முறுக்கு இல்லை.

வெளியே அய்யாத்துரையின் குரல் கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"யம்மா ஜெசிந்தா, கண்ணுக்கே தெரியாத தூசிக்காக ஒரு ஊரு வெள்ளாமையைத் திருப்பி அனுப்புவீங்களா?"

"கண்ணுக்குத் தெரியாததைப் பாக்கத்தான் அண்ணாச்சி மெஷினே வச்சிருக்கோம்."

"கழுவித் தாரேன்."

"கழுவினா கம்பு பூசணம் பூத்துப்போகும். பொடி கொஞ்சம் போகும், ஆனா கோட்டுக்குக் கீழ வராது."

"சரி, பொடி போடாத கம்போட சேத்துக் கலந்து கட்டித் தாரேன். குறைஞ்சிரும்ல?"

"பொடி சரிசமமாவா ஒட்டியிருக்கு? எந்தக் கரண்டியில எவ்வளவு வரும்னு நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நான் இப்பவே பாஸ் போடுறேன்."

அய்யாத்துரை மேசையைத் தட்டுவதற்குக் கையை ஓங்கினார். ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடரியைத் தடவிக்கொண்டார்.

"மேல போட்டது மேலதான் இருக்கு," என்றாள் ஜெசிந்தா, மெதுவாக. "விளைஞ்சதுல ஒரு குத்தமும் இல்லை. இவ்வளவு சுத்தமான கம்பை நான் பாத்ததில்லை. நல்லாக் காயவச்சு, காத்துப் போகாத டின்னுல அடைச்சுக் கொண்டாங்க. பொடியே வேண்டாம். அந்த அக்காகிட்டச் சொல்லுங்க."

"அதுக்கு அடுத்த வெள்ளாமை வரணும்மா."

"வரட்டுமே."

மூட்டை மறுபடியும் லாரியில் ஏறியது. வரும்போது நிமிர்ந்து நின்ற சாக்கு இப்போது ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

உள்ளே பொடி தேம்பிக்கொண்டிருந்தது. "என்னாலதானே? நான் ஒரு வண்டையும் விடலையே. அப்புறம் ஏன்?"

"உன்மேல தப்பில்லை," என்றது கம்பு.

"சண்டை போடத்தான் சொல்லி அனுப்பினாங்க. சண்டை முடிஞ்சா கிளம்பணும்னு யாரும் சொல்லலையே. எனக்குப் போகத் தெரியாது."

தன் தோளைப் பற்றியிருந்த பொடியின் கையைத் தட்டிவிடாமல் கம்பு அப்படியே இருந்தது.

பாதி வழியில் அய்யாத்துரை போனை எடுத்தார். யாரோ ஒரு ஆலைக்காரனிடம் பேசினார். பேசப் பேச அவர் முகம் தெளிந்தது. சாக்கு காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத் துள்ளியது.

"கவலை தீர்ந்துச்சு! பக்கத்து டவுன்ல ஒரு மாவு ஆலை. நல்ல விலை. கோழிக்கு இல்லை, மனுசனுக்கு! அங்க குத்தூசி இல்லை, எந்திரம் இல்லை. அந்தக் கோடு துறைமுகத்துலேயே கிடந்து காயட்டும்."

"மாவை யாரு சாப்பிடுவாங்க?" என்று கேட்டது கம்பு.

"யாரோ சாப்பிடுறாங்க. சத்துமாவாம். சின்னப் பிள்ளைங்களுக்கு…"

சொல்லி முடிக்காமல் சாக்கு நிறுத்திக்கொண்டது. லாரி குலுங்கியது. கொஞ்ச தூரத்துக்கு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ளைகளுக்கும் வயிறு மூடின கை அளவுதான் இருக்குமோ?" என்று கேட்டது பொடி.

ஊருக்குப் பிரிகிற விலக்கில் வேலுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். அய்யாத்துரை முதலிலேயே போனில் சொல்லியிருந்தார். லாரி நின்றதும் அவள் பின்பக்கமாக ஏறி, மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். குத்தூசி போன இடத்தில் விரலை வைத்தாள். விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியது.

"இதுவா அண்ணாச்சி?"

"அதுதான். நீ தூவினதுதான். யாரைக் கேட்டுத் தூவின? அறிவு வேண்டாமா? ஊரே காத்துக் கிடக்கு, நீ பாட்டுக்குக் கல்யாண வீட்டுல சந்தனம் தெளிக்கிற மாதிரி தெளிச்சு விட்டிருக்கே!"

வேலுத்தாய் மூட்டையிலிருந்து கையை எடுத்தாள். கண் நிறைந்துவிட்டது. அய்யாத்துரைக்குத் தன் குரல் தனக்கே கேட்டது. கீழே குனிந்து டயரைப் பார்த்தார்.

"சரி விடு தாயி. மோசம் ஒண்ணும் போயிரல. மாவு ஆலையில பேசிட்டேன். அங்க கேள்வி கிடையாது. உனக்கு வர வேண்டியது வந்துரும்."

"என்ன மாவு?"

"சத்துமாவு."

"யாருக்கு?"

"என்ன தாயி கேள்வி இது? பிள்ளைங்களுக்குத்தான்."

வேலுத்தாய் விரலைச் சேலையில் துடைத்தாள். துடைத்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அந்த இடத்தை உள்பக்கமாக மடித்துச் செருகிக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. என் வீட்டுக் கூழுக்கு இதைப் போட மாட்டேன்."

"அடேங்கப்பா! கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு அனுப்பத் துணிஞ்ச கை, பக்கத்து டவுனுக்கு அனுப்பக் கூசுதாக்கும்?"

"அப்பத் தெரியாது அண்ணாச்சி. இப்பத் தெரிஞ்சுபோச்சே."

அய்யாத்துரைக்குப் பேரத்தில் எல்லா வழியும் தெரியும். விலையை ஏற்றுகிற ஆளிடம் இறக்கத் தெரியும், இறக்குகிற ஆளிடம் ஏற்றத் தெரியும். இந்த ஒரு பேச்சுக்கு எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை.

சாக்கு வேலுத்தாயின் முகத்தைப் பார்த்தது. பார்த்தால், அவள் புருவத்துக்கு நடுவில், மெல்லிசாக, தலைமுடியை இழுத்துவைத்த மாதிரி ஒன்று. சாக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீயா? நீ எப்படி இங்க வந்தே?"

"நான் எந்திரத்துக்குள்ளேயே இருப்பேன்னு நினைச்சியா?" என்றது கோடு.

அன்றைக்குத்தான் சாக்கு தன் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் ஒன்றை ஒத்துக்கொண்டது. "இறக்கச் சொல்லு, இங்கேயே இறங்கிக்கிறோம்," என்று கம்பிடம் சொன்னது.

வேலுத்தாய் அதைக் கேட்டாளோ என்னவோ, "இறக்குங்க அண்ணாச்சி," என்றாள்.

"இறக்கி? குப்பையில கொட்டப் போறியா?"

"வாய்க்குத்தானே ஆகாது? மண்ணுக்கு ஆகும்ல. விதைக்கு வச்சிருதேன். விதைக்கம்புல பொடி இருக்கிறது புதுசா என்ன? ஊரு மொத்தத்துக்கும் காணும்."

அய்யாத்துரை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, கூலியாளைக் கூப்பிடாமல் மூட்டையைத் தானே தோளில் வாங்கினார்.

"உன்னை மாதிரி ஆளுகூட யாவாரம் பண்ணினா நான் திரும்பவும் புளி விக்கத்தான் போகணும்," என்று முணுமுணுத்தார். இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே போனை எடுத்தார். கூழ்மாவுக் கம்பெனிக்காரர்களிடம் அடுத்த வெள்ளாமை வரைக்கும் பொறுக்கச் சொல்லிப் பேச ஆரம்பித்தார். வழக்கமான கத்தல்தான். ஆனால் அன்றைக்கு அவர் கத்தின பேரத்தில் விலை என்ற பேச்சே வரவில்லை. "அவ கையால விளைஞ்சது வேணும்னா இருங்க, இல்லாட்டி உங்க இஷ்டம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இருக்கிறோம் என்று பதில் வந்தது.

யாரும் தெரியாமல் கூழுக்கு எடுத்துவிடக் கூடாது என்று, வேலுத்தாய் அந்த மூட்டையின் வாயில் சிவப்புத் துணி கட்டித் தனியாக வைத்தாள். விதைப்புக் காலம் வந்ததும் ஊர்ப் பெண்கள் வந்து பங்கு வாங்கிப் போனார்கள். வேலுத்தாய் தன் பங்கைத் தன் காட்டிலேயே விதைத்து மூடினாள்.

மண்ணுக்குள்ளும் பொடி கம்பின் தோளை விடவில்லை. எந்தப் பக்கமிருந்து எது வருமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் மழை பெய்தது. கரிசல் ஊறியது. ஈரம் ஒவ்வொரு மணியாகத் தொட்டுக்கொண்டு வந்து, பொடியின் விரல்களை ஒன்று ஒன்றாகத் தளர்த்தியது.

"எனக்குப் பயமா இருக்கு. நான் போயிட்டா, பூச்சி வந்தா என்ன பண்ணுவே?" என்றது பொடி.

"வரும்," என்றது கம்பு. "வந்தா கொஞ்சம் தின்னும். மிச்சம் நான் இருப்பேன்."

"நான் உனக்கு நல்லதுதானே செஞ்சேன்?"

"அந்த வண்டு வந்த அன்னிக்கு நீ இல்லாட்டி நான் ஏது? மறக்க மாட்டேன். இப்பப் போ."

கம்பின் வாயிலிருந்து அந்தச் சொல்லை இப்போதுதான் பொடி கேட்கிறது. அதைக் கேட்பதற்குத்தான் இத்தனை நாளும் காத்திருந்த மாதிரி அது கையை விட்டது. ஈரத்தோடு ஈரமாக இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, மண்ணில் தன் பெயரை மறந்தது.

மழை விட்டதும் கம்பு மண்ணைக் கீறித் தலையை நீட்டியது. சுற்றிலும் காவலுக்கு ஒருவரும் இல்லை. அது பாட்டுக்கு வளர ஆரம்பித்தது.